அடுப்பு எரிய நகர்ந்த வீடு

ஷயேன் ஆற்றங்கரை, டகோட்டா
1883, அக்டோபர் மாதக் கடைசி

ஹால்வர் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் கடிதம். உறையைப் பிரிக்காமல் மேலே எழுதியிருந்த பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பள்ளி ஆசிரியர் தூரே' என்று எழுதியிருந்தீர்கள். நம் பள்ளத்தாக்கில் நான் இருந்தவரை அந்தப் பட்டத்தை உங்கள் வாயால் ஒருதடவையும் கேட்டதில்லை. பரவாயில்லை, தபால்காரர் மதிப்பாகப் பார்த்தார்.

சிக்ரிட் அண்ணி காலமான செய்தியைக் குன்ஹிலுக்கு வாசித்துக் காட்டினேன். மாவு பிசைந்த கையோடு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று ஒரு முழுப் பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றி எங்கள் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்தது அண்ணிதான். உங்களுக்கும் தெரியாமல்தான். இனி சொன்னால் அவருக்குப் பாதகமில்லை. கப்பலில் அதை நாங்கள் கடைசித் துணுக்குவரை சாப்பிட்டோம்.

'எனக்குப் பிள்ளைகள் இல்லை, பண்ணை முறைப்படி உனக்குத்தான் வரவேண்டும். திரும்பி வந்து எடுத்துக்கொள். வராவிட்டால் கீழ்க்கரை வியாபாரிக்கு விற்றுவிடுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வசந்தத்துக்குள் பதில் வேண்டும் என்கிறீர்கள். பதில் சொல்கிறேன், ஆனால் கடிதத்தின் கடைசியில். மேல்புல்வெளி எல்லை விஷயத்தில் நீங்கள் என்னை மூன்று வருஷம் காக்கவைத்தீர்கள். இப்போது இரண்டு மூன்று தாள் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

முதலில் எங்கள் நிலத்தைப் பற்றி. விஸ்கான்சினில் எட்டு வருஷம் பிறர் பிள்ளைகளுக்கும் பிறர் மாடுகளுக்கும் ஊழியம் செய்து முடித்து, இந்த வசந்தத்தில்தான் இங்கே நிலம் பதிந்தேன். சட்டம் சிக்கலில்லாதது. பதிந்த ஆறு மாதத்துக்குள் அந்த நிலத்தில் வீடு கட்டி, பதிந்தவர் அதில் குடியிருக்க வேண்டும். தவறினால் வேறொருவர் போய் அதைத் தனக்கென்று கேட்கலாம். மணமாகாத பெண்களும் பதியலாம் என்பதால் குன்ஹிலின் தங்கை மாரித் எனக்கு அடுத்த நிலத்தைப் பதிந்தாள். இரண்டு வீடு கட்ட வசதி ஏது? இந்தப் பக்கத்தில் பலரும் செய்கிறபடி எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே வீடாகக் கட்டினோம். புல்லோடு சேர்த்து உழுது எடுத்த மண்கட்டிகளை அடுக்கிய வீடு. கிழக்குச் சுவரோரம் மாரித்தின் கட்டில், அது அவள் நிலம். மேற்கே எங்கள் கட்டில், அது என் நிலம். சாப்பாட்டு மேசை இரண்டு நிலத்துக்கும் பொது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாரித் ஆரம்பித்துவிடுவாள்.

"அத்தான், உப்பு உங்க தேசத்துல இருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் ஏற்றுமதி பண்ணுங்க."

எல்லைக்கோட்டை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பீர்கள். இதை உங்களுக்கு எழுத எனக்கு விருப்பமே இல்லை. ஆனால் இங்கே அக்கம்பக்கத்தில் இருக்கும் எம்ப்ரிக் எப்படியும் ஊருக்கு எழுதுவான். அவன் எழுதி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

இந்த வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கல் கிடையாது. ஒரே ஒரு கல்தான், ஆள் நெஞ்சளவு உயரத்தில் தனியாக நின்றது. சுற்றிலும் தரை பள்ளமாக மிதிபட்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லைக்கல். நம் ஊரில் எல்லைக்கல்லின் அடியில் ஒரே கல்லை உடைத்துச் சாட்சிக்கற்களாகப் புதைப்பார்களே, அதையும் விடவில்லை, தோண்டிப் பார்த்தேன். இரண்டு துண்டுகள் கிடைத்தன. ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தேன், ஓரளவு பொருந்தின. நீங்களும் நானும் மூன்று வருஷம் எல்லைக்கல்லுக்காகச் சண்டை போட்டதில் நான் இந்த விஷயத்தில் வல்லுநனாகிவிட்டதாக நம்பினேன். புதிதாக வந்த குடும்பங்களை அந்தக் கல்லருகே நிற்கவைத்து எல்லைச் சட்டம் பற்றி ஒரு சிறு உரைகூட ஆற்றினேன். எல்லாரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் எங்கள் எருது அந்தக் கல்லிடம் போய் நின்று, தோளைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, சொகுசாகத் தேய்த்துக்கொண்டது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்லின் விளிம்புகள் எல்லாம் மாட்டின் தோள் உயரத்தில் மட்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தன. பிளவுக்குள் விரலை விட்டேன். பழுப்பு நிற மயிர்க்கற்றை ஒன்று வந்தது. காட்டெருமை மயிர்.

அண்ணா, நான் எல்லையென்று உரையாற்றியது காட்டெருமைகள் முதுகு சொறிந்த கல்.

மாரித் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின. குன்ஹில் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்குவது தெரிந்தது. நீங்கள் பார்த்திராத உங்கள் தம்பி மகள் ராக்னா மட்டும் அக்கறையாகக் கேட்டாள், "அப்பா, அப்போ அந்த உரையை எருமைங்களுக்குத் திருப்பிச் சொல்லணுமா?"

சிரிப்பு அடங்கியபிறகுதான் விபரீதம் புரிந்தது. அளவைக்காரர்கள் விட்டுப்போன உண்மையான அடையாளம் ஒரு மண்மேடும் மரக்குச்சியும். குச்சி காட்டுத்தீயில் கருகிப்போயிருந்தது, மேட்டைப் புல் மூடியிருந்தது. தேடிப் பிடித்தபோது அது மேற்கே, சதுப்புப் பள்ளத்துக்கும் அப்பால் இருந்தது. எங்கள் வீடு கட்டில், மேசை, அடுப்பு சகிதம் முழுக்க மாரித்தின் நிலத்தில். என் நிலத்தில் ஒரு கோழிக்கூடுகூட இல்லை. கெடு முடிய ஒரு மாதமும் இல்லை. சொந்த அண்ணன் நிலத்தில் குத்தகைக்காரனாக இருக்கமாட்டேன் என்று கடல் தாண்டி வந்தவன், ஐந்து மாதமாக மைத்துனி நிலத்தில் குத்தகைக்காரனாக இருந்திருக்கிறேன்.

"வாடகையெல்லாம் வேண்டாம் அத்தான். காலைல என் மாட்டுக்குத் தண்ணி காட்டினா போதும்" என்றாள் மாரித். அவள் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன்.

புது மண்கட்டி வீடு கட்டலாம் என்றால், கோடை முழுக்க மழையில்லாமல் தரை காய்ந்து கிடந்தது. உழுது எடுத்த கட்டி கையிலேயே பொடிந்தது. மரம் வாங்கும் நிலையிலும் நாங்கள் இல்லை. அதற்குள் நகரத்திலிருந்து வட்டத்தொப்பி வைத்த ஒருவர் குதிரை வண்டியில் வந்து என் நிலத்தைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். ரயில்பாதை இந்தப் பக்கம் வருமாம். வீடு எங்கே என்று மரியாதையாகக் கேட்டார். கெடு தேதியை நினைவில் வைத்திருப்பதாகவும் மரியாதையாகவே சொன்னார்.

உங்கள் கடிதம் வந்தது அந்த வாரத்தில். நிலம் கை நழுவும் நேரத்தில், நான் இருபது வருஷம் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த பண்ணை தானாக வந்து நிற்கிறது. குன்ஹிலிடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். "முதல்ல வீட்டைப் பாருங்க. வீடு நின்னா பேசலாம். நிக்கலேன்னா பேச என்ன இருக்கு, மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றாள்.

இப்போது எம்ப்ரிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் நம் நாட்டவன்தான், ஆனால் ஹாலிங் பள்ளத்தாக்குக்காரன், மாரித்தின் நிலத்துக்குக் கிழக்கே அவன் நிலம். நான்கு வருஷம் முன்பே வந்து நிலத்துக்குக் காசு கட்டிப் பட்டாவும் வாங்கிவிட்டவன். பிடில் வாசிப்பான். ஹாலிங் ஆட்களைப் பற்றி அப்பா என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும், அதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. கோடையில் இங்கே சபை கூடியபோது ஞானப்பாட்டு எடுத்துக்கொடுக்க ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி பெற்றவன், இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவன், பதினோரு வருஷம் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எம்ப்ரிக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். 'அவர் குரல்ல ஒரு கனிவு இருக்கு' என்றார்கள். அவன் ஒரு பாட்டை ஆரம்பித்தால் முடிவதற்குள் பசு கன்று போட்டுவிடும். நிறுத்தக் கூடாத இடத்திலெல்லாம் நிறுத்தி மூச்சு வாங்குவான்.

அந்த எம்ப்ரிக் ஒரு காலையில் வந்து தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"வாத்தியாரே, என் வீடு பலகை வீடு. அடியில சறுக்குக்கட்டை இருக்கு. எருது பூட்டினா நகரும்."

"நல்லது. நகர்த்திக்கொள்" என்றேன்.

"உங்க நிலத்துக்கு நகர்த்தலாம்னு சொல்றேன். வச்சுக்குங்க. எனக்குப் பட்டா ஆயிடுச்சு, நான் எங்க வேணா இருக்கலாம்."

"நீ எங்கே இருப்பாய்?"

அவன் எங்கள் மண்கட்டி வீட்டைப் பார்த்தான். பிறகு தன் காலணியைப் பார்த்தான். "இந்த வீடு காலியாகும்ல. மாரித் மட்டும் தனியா இருக்கறது நல்லாருக்காது பாருங்க."

அவன் பெண் கேட்கிறான் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ஞாயிறுதோறும் எங்கள் வாசலில் வந்து பிடில் வாசித்தது என்னை எரிச்சல்படுத்தத்தான் என்று நினைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து மாரித் வந்தாள், கையில் கரண்டியோடு.

"வீட்டைப் பேசி முடிச்சுட்டீங்க. பொண்ணைப் பத்திப் பேச்சே காணோமே? நான் என்ன, வீட்டோட சேர்ந்த சாமானா?"

எம்ப்ரிக் சிவந்துபோய், "கேக்கலாம்னுதான்" என்று இழுத்தான்.

"அப்போ கேளுங்க. அத்தானைப் பார்த்து இல்ல, என்னைப் பார்த்து."

கேட்டான். அவள் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை, வீட்டுக்குள் பிடில் வாசிக்கலாம், பாடக் கூடாது. அந்த நிமிஷம் என் மைத்துனிமேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

வீடு நகர்ந்தது கெடுவின் கடைசி நாளில். அக்கம்பக்கத்து எருதுகள் எல்லாம் வந்தன, ஆட்களும் வந்தார்கள். அடுப்பை அணைக்கச் சொன்னேன். குன்ஹில் கேட்கவில்லை. "இத்தனை பேருக்கு யார் ஆக்கிப் போடறது? நீங்க இழுங்க, நான் கிண்டறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். புகைபோக்கியில் புகை வந்துகொண்டே இருக்க, வீடு புல்வெளியில் நகர்ந்தது. அண்ணா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காற்றில் புல் அலையலையாகச் சாய, நடுவில் ஒரு வீடு கப்பல்போல் வருகிறது. சன்னலில் ராக்னா நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ராணிபோல் கையசைக்கிறாள். உள்ளே புளித்த பாலேட்டுக் கஞ்சி கொதிக்கும் வாசனை முன்னால் போக, எருதுகள் பின்னால் போகின்றன. எருதுகளின் கால் சிக்கிவிடாதபடி நான் கம்பை வைத்து எலி வளைகளைத் தேடிக்கொண்டே முன்னால் நடந்தேன். எங்கள் மண்கட்டி வீட்டைக் கடந்தபோது வாசலில் நின்ற மாரித், "வழிப்போக்கரே, இந்த வீடு எங்க போகுது?" என்று கத்தினாள். குன்ஹில் சன்னலுக்கு வந்து, "மேற்க! ஏறிக்கறியா?" என்றாள். அவளும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

சதுப்புப் பள்ளத்தில் வீடு நின்றுவிட்டது.

முந்தின வாரம்தான் மழை வந்திருந்தது. வேண்டியபோது வராத மழை. முன் சறுக்குக்கட்டை சேற்றில் இறங்கிவிட்டது. எருதுகள் மண்டியிட்டன. எல்லை மேடு கண்முன்னே தெரிந்தது. அதன் அப்பால் அந்த வட்டத்தொப்பிக்காரர் வண்டியில் உட்கார்ந்து பைக்கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் சேற்றில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தோம். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வீடு நகருமா? ஒரே தாளத்தில் இழுக்க, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று வேண்டும். சபைப் பழக்கப்படி எல்லாரும் எம்ப்ரிக்கைப் பார்த்தார்கள். அவன் ஒரு ஞானப்பாட்டை எடுத்தான்.

அவன் முதல் அடி முடிப்பதற்குள் கயிறு இரண்டு தடவை இறுகித் தளர்ந்தது. வீடு இன்னும் அமிழ்ந்தது.

முழங்கால்வரை சேற்றில் நின்றிருந்த எனக்கு அப்போது நம் பண்ணை நினைவுக்கு வந்தது. வீடு இங்கேயே நின்றால் கதை முடிந்தது. ஊருக்குப் போய்விடலாம். சிவப்புக் களஞ்சியம், ஏரிப் பக்கத்துச் சன்னல், அப்பாவின் நாற்காலி எல்லாம் என்னுடையது. கயிற்றை விடக்கூட வேண்டாம், சும்மா நின்றால் போதும். யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். அப்படித்தான் நின்றேன், ஒரு அடி பாட்டு நேரம்.

எம்ப்ரிக் இரண்டாவது அடியின் நடுவில், நிறுத்தவே கூடாத இடத்தில், நிறுத்தி மூச்சு வாங்கினான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "அங்கே மூச்சு வாங்காதே!" என்று கத்தினேன். அதே பாட்டை, அது எழுதப்பட்ட வேகத்தில், எழுதப்பட்டபடி, நானே எடுத்தேன். பள்ளியை விட்டபிறகு அப்படிப் பாடியதில்லை. முதல் அடியில் சிலர், இரண்டாவது அடியில் எல்லாரும் சேர்ந்தார்கள். சொல்லுக்கொரு இழுப்பு. எருதுகளும் எழுந்தன. வீட்டுக்குள்ளிருந்து குன்ஹிலும் மாரித்தும் மேல்குரலில் பாடுவது கேட்டது. சேறு பெரிதாக ஒரு சத்தம்போட்டுச் சறுக்குக்கட்டையை விடுவித்தது. வீடு மேட்டில் ஏறி, எல்லையைத் தாண்டி, என் நிலத்தில் போய் நின்றது. புகை மட்டும் நிற்கவே இல்லை.

தொப்பிக்காரர் கடியாரத்தைப் பையில் போட்டார். குன்ஹில் கதவைத் திறந்து அவருக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி நீட்டினாள். மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதையும் நான் மறக்கப் போவதில்லை.

சபையார் இனி என்னைப் பாட்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடுத்த ஞாயிறும் எம்ப்ரிக்தான் எழுந்தான். வெளியே வந்து மாரித்திடம் முறையிட்டேன். "வீடு இழுக்க நீங்க அத்தான், தேவனைக் கும்பிட அவரு. ரெண்டு பேருக்கும் வேலை இருக்குல்ல" என்றாள்.

போன சனிக்கிழமை அவர்களுக்குத் திருமணம் நடந்தது. சுற்றுப்பயணம் வந்த போதகர் நடத்திவைத்தார். வேறு வாத்தியக்காரர் இல்லாததால் மாப்பிள்ளையே பிடில் வாசித்தான். அதனால் மணப்பெண்ணோடு ஆட ஆள் இல்லை. நான் ஆடினேன். ஹாலிங் மெட்டுக்குத்தான் ஆடினேன். எம்ப்ரிக் எழுதுவதற்கு முன் இதையும் நானே சொல்லிவிடுகிறேன். குன்ஹில் சொல்கிறாள், நான் சிரித்தேனாம். விளக்கு வெளிச்சம் சரியாக இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வரமாட்டேன், அண்ணா. பண்ணை எனக்கு வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, இதைச் சொல்லும்போது கோபம் இருக்கும் என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்தச் சேற்றில் நின்றபோது எனக்கு எது வேண்டும் என்பது தெரிந்துபோயிற்று.

பண்ணையை வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். இருபது வருஷம் அதில் உழுத கீழ்வீட்டுக் குத்தகைக்காரருக்கு அவரால் முடிந்த விலைக்குக் கொடுங்கள். கொடுத்துவிட்டு நீங்கள் இங்கே வாருங்கள்.

இதைக் குன்ஹில் எழுதச் சொன்னாள் என்று போடலாம் என்றிருந்தேன். அவள் சொல்லவும் சொன்னாள், "உங்க அண்ணன் ஒத்தையில உக்காந்து என்னத்த சாப்பிடறாரோ" என்று. ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே நான் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். வசந்தத்தில் எனக்கு உழுவதற்குத் தரை நிறைய இருக்கிறது. உங்களைப்போல் நேராகச் சால் ஓட்டுகிறவரை நான் கடலின் இந்தப் பக்கத்தில் பார்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது உண்மை. ராக்னா தனக்குப் பெரியப்பா ஒருவர் இருப்பதை உங்கள் கடிதத்தால்தான் தெரிந்துகொண்டாள். நீங்கள் உயரமா, குட்டையா, கோபக்காரரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உயரம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், மற்றதை நீங்கள் வந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கப்பலில் ஏறுங்கள், அதற்கு முன் கடல் நல்லபடி இருக்காது. அரிவாள் தகடுகள் கொண்டுவாருங்கள், இங்கே கிடைப்பவை மெழுகு. ரயில் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீடு ஒன்றரை நாள் எருது வண்டி. வழியில் மரமும் இல்லை, மனிதரும் இல்லை. நாம் இருவரும் பேசாமலே வரலாம், எனக்குச் சம்மதம். ஏதாவது பேச நினைத்தாலும் நேரம் நிறைய இருக்கும்.

ஏறும் நாளை எழுதுங்கள். எழுத மறந்தாலும் ஏறிவிடுங்கள். மே மாதம் முழுக்க வண்டி அங்கே நிற்கும், நான் அதில் இருப்பேன். அலைகள் உங்களை அலைக்கழிக்காமல் கரை சேர்க்கட்டும், உங்கள் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் ஒரு கெடுதலும் வராதிருக்கட்டும்.

உங்கள் தம்பி,
தூரே